வீட்டுக்கு டிஜிட்டல் பியானோ வாங்குமுன்

டிஜிட்டல் பியானோவா, கணினியோடு இணைக்கும் கீபோர்டு கன்ட்ரோலரா என்று முதலில் முடிவு செய்யுங்கள். கன்ட்ரோலருக்குச் சொந்தமாக ஒலி கிடையாது. இது தெரியாமல் வாங்கிவிட்டுத் திகைப்பவர்கள் உண்டு. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது (1 முதல் 127 வரை ஓர் எண்) என்பதை அது மிடி (இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) வழியே கணினிக்குச் சொல்லும்; ஒலியை எழுப்புவது கணினியிலுள்ள மென்பொருள். இசையமைக்கவும் டிராக் போடவும் அருமையான கருவி. தினமும் சாதகம் செய்ய வேண்டுமென்றால் டிஜிட்டல் பியானோவே மேல்: சுவிட்சைப் போட்டதும் வாசிக்கலாம். மென்பொருள் ஏறும்வரை காத்திருந்தால் குழந்தை எழுந்து போய்விடும்.

முழு பியானோவில் 88 கட்டைகள்: 52 வெள்ளை, 36 கறுப்பு. பியானோ பாடத்தைத் தொடர்ந்து கற்பவருக்கு இந்த 88-உம், கட்டைக்கு நிஜப் பியானோவின் கனத்தைத் தரும் ஹேமர் ஆக்‌ஷனும் வேண்டும். ஐந்து ஆக்டேவ் கொண்ட 61 கட்டை ஆரம்பப் பாடங்களுக்குப் போதும், கன்ட்ரோலருக்கும் பொருந்தும். பெட்டியில் 'டச் சென்சிடிவ்' என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். அழுத்தும் வேகத்துக்கேற்ப ஒலி மாறும் என்பதுதான் அதன் பொருள். கட்டையின் கனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்பிரிங் கட்டையில் பழகிய விரல் நிஜப் பியானோவில் சீக்கிரம் களைத்துவிடும்.

கடையில் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு வாசியுங்கள். நீங்கள் ஹெட்ஃபோனோடு வாசிக்கும்போது வீட்டில் மற்றவர்களுக்குக் கேட்கப்போவது அந்த 'டொக் டொக்'தான். பிறகு ஒலியைக் கூட்டி, ஒரு வெள்ளைக் கட்டையை அதன் உள்முனையில், இரு கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே விரலை விட்டு அழுத்திப் பாருங்கள். உள்ளே கட்டையின் நீளம் குறைவாக இருந்தால் அந்த இடத்தில் கல் மாதிரி இறுகியிருக்கும். கறுப்புக் கட்டைகள் நிறைய வரும் பாடங்களில் கை வலிக்கும். அடுத்து, ஒரே கட்டையை முழுதும் மேலே வரவிடாமல் வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். சுரம் விட்டுப்போனால் கட்டையின் அசைவை அறிய இரண்டு சென்சார் மட்டுமே இருக்கலாம். மூன்று சென்சார் உள்ளதில் இது குறைவு.

பாலிஃபனி (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஒலிகளின் எண்ணிக்கை) 128-க்குக் குறையாமல் பாருங்கள். ஸ்டீரியோ ஒலியில் ஒரு சுரத்துக்கே இரண்டு செலவாகலாம். 64 என்றால் சுரத்தை நீட்டும் பெடலை மிதித்தபடி நிறைய வாசிக்கும்போது முந்தைய சுரங்கள் அறுந்துபோகும். நூற்றுக்கணக்கான டோன்கள் (வெவ்வேறு வாத்திய ஒலிகள்) இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கூட வரும் சிறு பெடல் பெரும்பாலும் வெறும் சுவிட்ச். தரையில் வழுக்கியும் ஓடும். அரைப் பெடலை (பாதி மிதித்தால் பாதி விளைவு) ஏற்கும் மாடலா என்று கேளுங்கள். வேறு பெடல் போட்டபின் மிதிக்காதபோது ஒலி நீண்டு, மிதித்தால் நின்றால் போலாரிட்டி தலைகீழ். பெடலைச் செருகி, காலை எடுத்துவிட்டுக் கருவியை அணைத்துப் போட்டால் பல மாடல்களில் சரியாகிவிடும்.

கன்ட்ரோலரில் ஒலி பிந்தி வந்தால் மென்பொருளில் பஃபரைக் (ஒலியை அனுப்புமுன் சேர்த்துவைக்கும் அளவை) குறையுங்கள். 44,100 ஹெர்ட்ஸில் பஃபர் 512 சாம்பிள் என்றால் சுமார் 12 மில்லிசெகண்ட், 128 என்றால் 3. விண்டோஸில் ஏசியோ (ASIO) என்ற, தாமதத்தைக் குறைக்கும் ஒலி டிரைவர் இருந்தால் நல்லது. புளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி பிந்தி வருவதால் வாசிப்பது கடினம், கம்பி ஹெட்ஃபோன்தான்.

பழைய கருவி வாங்கினால் எல்லாக் கட்டைகளையும் ஒரே அழுத்தத்தில் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஒன்று மட்டும் கத்தினால் அடியிலுள்ள ரப்பர் கான்டாக்டில் தூசி ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் முழுக் கருவியையும் கழற்ற வேண்டிவரும். அதை யார் செய்து தருவார் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.