வன்னி வெயிலில் ஓரா மீன்: வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் முறை

முல்லைத்தீவுச் சந்தையில் குழம்புக்கு வாங்கும் ஓராவும், அலங்கார மீன் கடைகளில் விற்கும் மஞ்சள் ஃபாக்ஸ்ஃபேஸும் ஒரே குடும்பம். தொட்டிக்கு ஃபாக்ஸ்ஃபேஸையே எடுங்கள். அது 24 செ.மீ. அளவோடு நின்றுவிடும், ஓராவில் அரை மீற்றர் வரை வளரும் இனங்களும் உண்டு. ஒரு மீனுக்கு 4×2×2 அடித் தொட்டி (ஏறத்தாழ 450 லீற்றர்) குறைந்த அளவு. பாறை, மணல், ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) வைத்து, மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைத்திரைற்றும் 0 ஆகும்வரை 4 முதல் 6 வாரம் காத்திருப்பது எல்லாருக்கும் தெரிந்தது.

1. தண்ணீர். நந்திக்கடலில் அள்ள வேண்டாம். மழைக்கும் வெயிலுக்கும் களப்பின் உப்பு ஏறி இறங்கும். ஆர்ஓ தண்ணீரில் (சவ்வு வடிகட்டியால் சுத்திகரித்த தண்ணீர்) மீன்தொட்டிக்கான செயற்கைக் கடலுப்பைக் கரைத்து 35 பிபிரிக்கு (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கொண்டுவாருங்கள். ஊசி ஆடும் பிளாஸ்ரிக் உப்புமானியை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஒளி முறிவைக் கொண்டு உப்பை அளக்கும் றிஃப்ரக்ரோமீற்றர்தான் சரி. அதையும் 35 பிபிரி அளவுத் திரவத்தில் சரிபார்க்க வேண்டும்.

2. சூடு. பலர் சறுக்கும் இடம் இது. தொட்டிக்கு 25–27 பாகை வேண்டும். சித்திரை, வைகாசியில் கிளிநொச்சி வீட்டறையே அதைத் தாண்டிவிடும். ஹீற்றருக்கு இங்கே வேலையில்லை. நீர்ப்பரப்பின் மேல் சிறிய விசிறி பூட்டினால் 2–3 பாகை இறங்கும். கச்சான் வீசும் காலத்தில் காற்று வரண்டிருப்பதால் விசிறி நன்றாக வேலை செய்யும், தண்ணீரும் அதே வேகத்தில் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 450 லீற்றரில் 20 லீற்றர் குறைந்தால் 35 பிபிரி 36.6 ஆகிவிடும். அதனால் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை ஆர்ஓ தண்ணீர் மட்டும் விடுங்கள். வற்றிய அளவுக்குக் கடல்நீர் விடுவதுதான் வழமையான பிழை. கிணற்றுத் தண்ணீரும் கூடாது: கடினத்தன்மை ஒரு பக்கம், வயலோரக் கிணறென்றால் பசளையின் நைத்திரேற்று மறுபக்கம். பகல் முழுக்க 30 பாகைக்கு மேல் நிற்கும் அறையென்றால் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்காமல் மீனோடு பவளம் வைக்க வேண்டாம்.

3. மீனை இறக்குதல். முதலில் வேறு தொட்டியில் 4 வாரம் தனியாக வையுங்கள். வெண்புள்ளி நோய் வந்தால் செப்பு மருந்து அங்கே மட்டும். பவளத் தொட்டியில் ஊற்றினால் பவளமும் இறாலும் சாகும். வலையால் பிடிக்காதீர்கள், முள் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்ரிக் ஏனத்தால் கோலி எடுங்கள். முதுகில் 13, அடிப்பக்கத்தில் 7, வயிற்றுத் துடுப்பு ஒவ்வொன்றிலும் 2 என நச்சு முட்கள் உண்டு. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சுடுதண்ணீரில், 45 பாகைக்கு மேற்படாமல், 30 முதல் 90 நிமிடம் அந்த இடத்தை அமிழ்த்தி வையுங்கள். சூடு எவ்வளவென்று குத்துப்படாத கையால் முதலில் பாருங்கள். மூச்சுத் திணறினாலோ வீக்கம் ஏறினாலோ உடனே ஆஸ்பத்திரி.

4. சாப்பாடு. பெரும்பாலும் பசித்த ஓராதான் பவளத்தைக் கொறிக்கும். உப்பும் எண்ணெயும் சேராத நோரித் தாளை (காயவைத்த கடற்பாசித் தாள்) கிளிப்பில் கொளுவி நாள்தோறும் கொடுங்கள். மன்னார்ப் பக்கம் கிடைக்கும் கஞ்சிப்பாசி இன்னும் நல்லது. நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்த பிறகு போடுங்கள். ஒட்டிவரும் பூச்சிகள் பெரும்பாலும் செத்துவிடும். முதல் நாட்களில் தொடாமல் விட்டாலும் சாயந்தரம் பழசை எடுத்துவிட்டுப் புதிதாய் வையுங்கள். நன்றாகத் தின்னும் மீன்கூட சோவாந்தஸ் என்ற பவள வகை உயிரியைக் கடிக்கலாம் என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

பின்னர் சேர்த்தது: இரவில் லைற் போட்டதும் மீன் கபிலத் திட்டுத்திட்டாய்த் தெரிகிறது, நோயா என்று பலர் கேட்டிருந்தார்கள். உறங்கும்போதும் பயந்தபோதும் நிறம் அப்படித்தான் மாறும், கொஞ்ச நேரத்தில் மஞ்சள் திரும்பும். பகலிலும் மாறாமல் நின்று, சாப்பாட்டையும் தொடாவிட்டால் அமோனியாவைப் பாருங்கள். பயத்தில் பாயும் மீன் இது, தொட்டிக்கு வலைமூடி கட்டாயம். கரண்ட் போகும் நேரத்துக்குப் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.