ரப்பர் படகுக்கு ப்ரொப்பெல்லர்: பிட்ச் பெரிதானால் மட்டும் வேகம் ஏறிவிடாது

இம்பெல்லரைப் பெரிதாக்கினால் மோட்டார் ஆம்பியர் ஏறும், காயில் கருகும் என்பது கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் செட் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். அதே ஆட்கள் ரப்பர் படகுக்கு அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்பக்கம் மாட்டும் மோட்டார்) வாங்கும்போது, பெரிய பிட்ச் உள்ள ப்ரொப்பெல்லர் போட்டால் பறக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். தவறுகளிலேயே பெரியது இதுதான்.

ப்ரொப்பெல்லரில் பொறித்திருக்கும் இரண்டு எண்களில் முதலாவது விட்டம், அடுத்தது பிட்ச். இரண்டும் அங்குலக் கணக்கு. பிட்ச் 8 என்றால், வழுக்காமல் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 8 அங்குலம் முன்னே போகும். தண்ணீரில் வழுக்கல் இருக்கத்தான் செய்யும். பிட்ச் கூடக்கூட ஒவ்வொரு சுற்றிலும் இன்ஜினுக்குப் பாரம் கூடும். டாப் கியரிலேயே திம்பம் மலை ஏறினால் பைக் திணறுமே, அதே கதை. பிட்ச் மிகவும் குறைந்தாலும் ஆபத்து. இன்ஜின் அளவு மீறிச் சுற்றும்.

எது சரி என்பதை ஆர்.பி.எம். சொல்லும், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண். முழு த்ராட்டிலில் 4500 முதல் 5500 வரை என்று மோட்டார் கையேட்டில் போட்டிருந்தால், உங்கள் படகு அதற்குள் நிற்க வேண்டும். ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றிப் பார்க்கும் சின்ன டேக்கோமீட்டர் போதும். 4500-ஐத் தொடவில்லை என்றால் பிட்சைக் குறையுங்கள். ஓர் அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். 8-ல் 1 என்பது எட்டில் ஒரு பங்கு.

இந்தச் சோதனையைத் தனியாளாகச் செய்வது அடுத்த தவறு. 10 அடி ரப்பர் படகும் 5 எச்.பி. மோட்டாரும் சேர்ந்து 100 கிலோ கூட வராது. நான்கு பேர் ஏறினால் எடை மூன்று மடங்கைத் தாண்டும். பவானிசாகர் போன்ற நீர்த்தேக்கத்தில் குடும்பத்தோடு போகப்போகிறீர்கள் என்றால் அதே பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள்.

இன்ஜின் அலறுகிறது, படகு நகரவில்லை என்றால் உடனே ப்ரொப்பெல்லரைக் குறை சொல்ல வேண்டாம். அதற்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்கிறதா பாருங்கள். மேலே இருந்தால் ப்ரொப்பெல்லர் காற்றை உறிஞ்சும்.

அப்புறம் ப்ரொப்பெல்லரின் உலோகம். மேட்டூர் அணையில் தண்ணீர் நன்றாக இறங்கினால் பண்ணவாடியில் நந்தி சிலை வெளியே தெரியும். நம் பக்க நீர்நிலைகளுக்கு அடியில் அவ்வளவு கல் கிடக்கிறது. சின்ன மோட்டாருக்கு அலுமினியமே நல்லது. இடித்தால் அது வளையும், கியர் பிழைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடியைக் கியருக்குக் கடத்திவிடும். ப்ரொப்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் சின்ன ஷியர் பின் உடைந்தால் ஆணியைச் சொருகி ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உடைவதுதான் அந்தப் பின்னின் வேலை. மோட்டார் நிறுவனத்தின் ஷியர் பின் இரண்டும் பழைய ப்ரொப்பெல்லரும் எப்போதும் படகிலேயே இருக்கட்டும், துடுப்போடு.