விட்பியில் ஒரு நாள்: கடல் நேரம் பார்த்துச் சுற்றுவது எப்படி?

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷைரில் எஸ்க் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது விட்பி. ஒரே நாளில் சுற்றிவிடக்கூடிய ஊர்தான். ஆனால் எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்பதைக் கடல்தான் முடிவு செய்யும். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பார்க்க வேண்டிய இடங்களை அடுக்குகின்றன, வரிசையைச் சொல்வதில்லை. எனக்குச் சரிப்பட்டு வந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

படி 1: கடல் ஏறும், வற்றும் நேரத்தை எடுங்கள்

டிக்கெட்டுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். பிபிசி வானிலைப் பக்கத்திலேயே விட்பிக்கான அட்டவணை இலவசமாக இருக்கிறது. எனக்கு அதுவே போதும், தனிச் செயலி எதுவும் வேண்டியதில்லை. வேறு அட்டவணை பார்த்தால் அது எந்த நேரக் கணக்கு என்று கட்டாயம் பாருங்கள். சில அட்டவணைகள் வருடம் முழுக்க கிரீன்விச் நேரத்தையே தருகின்றன. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்தின் கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அந்த மாதங்களில் ஒரு மணி கூட்டிக்கொள்ளாவிட்டால் மொத்தத் திட்டமும் பிசகிவிடும். நேற்றைய நேரத்தை இன்றைக்கு வைத்துக்கொள்ளவும் கூடாது, ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும்.

இனி எளிது. கடல் ஏறியிருக்கும் நேரம் ஆற்றின் கிழக்குக் கரைக்கு, வற்றும் நேரம் மணலில் நடக்கும் மேற்குக் கரைக்கு.

படி 2: போய்ச் சேருங்கள்

மிடில்ஸ்பரோவிலிருந்து எஸ்க் பள்ளத்தாக்கு வழியாக வரும் ரயில்தான் என் தேர்வு. சுமார் ஒன்றரை மணி நேரம், பிற்பாதி வழியெல்லாம் ஆறு கூடவே வரும். ஆனால் ஒரு நாளைக்கு ஓடுவது சில ரயில்கள்தான், திரும்பும் ரயிலை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். யார்க்கிலிருந்து வருபவர்களுக்கு மூர் எனப்படும் புதர்மேட்டு நிலம் வழியாக 840 பேருந்து.

படி 3: கிழக்குக் கரை

நிலையத்திலிருந்து வெளியே வந்து, 1908இல் கட்டிய சுழல் பாலத்தைக் கடக்க வேண்டும். ஏற்றத்துக்கு இரண்டு மணி முன்னும் பின்னும் படகுகளுக்காக இது திறக்கும். கொஞ்சம் காத்திருக்க நேர்ந்தால் நின்று பாருங்கள், நல்ல காட்சி.

அருகிலேயே கிரேப் லேனில் கேப்டன் குக் அருங்காட்சியகம். 1746இல் கப்பல் தொழில் கற்க வந்த குக்கைச் சேர்த்துக்கொண்ட ஜான் வாக்கரின் வீடு அது. குக் பின்னாளில் உலகைச் சுற்றிய எண்டெவர் கப்பலும் விட்பியில் கட்டியதுதான்.

அப்புறம் 199 படிகள். மேலே புனித மேரி தேவாலயம். பலரும் வெளியிலிருந்தே படமெடுத்துவிட்டு நகர்கிறார்கள். தயவுசெய்து உள்ளே போங்கள். கதவு வைத்த பெட்டி போன்ற இருக்கைகள், மூன்றடுக்குப் பிரசங்க மேடை, காது கேளாத பாதிரியார் மனைவிக்காக மேடையோடு பொருத்திய கேட்குழல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

அதைத் தாண்டினால் மடாலயம். 657இல் இங்கே மடத்தைத் தொடங்கித் தலைவியாக இருந்தவர் ஹில்டா. ஈஸ்டர் நாளை எந்த முறையில் கணக்கிடுவது என்ற சண்டை 664இல் இங்கே கூடிய சபையில் தீர்ந்தது, ரோம் முறை வென்றது. பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞரான கேட்மன் இந்த மடத்தில் மாடு மேய்த்தவர். மாடு மேய்த்தவரைக் கவி என்று அங்கீகரித்து மடத்தில் சேர்த்துக்கொண்டவர் ஹில்டா. எனக்கு இந்த ஊரில் பிடித்த செய்தி இதுதான். இப்போது நிற்கும் கோதிக் சுவர்கள் பிற்காலத்தவை. 1539இல் மடம் மூடப்பட்டது, 1914 டிசம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல்களின் குண்டுகள் மேற்கு முகப்பைச் சிதைத்தன. குளிர்காலத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, பார்த்துவிட்டுப் போங்கள்.

படி 4: மேற்குக் கரை

கடல் இறங்கத் தொடங்கியதும் பாலத்தைத் தாண்டி வாருங்கள். திமிங்கல எலும்பு வளைவையும் குக் சிலையையும் பார்த்துவிட்டு, மணலில் இறங்கி சாண்ட்ஸெண்ட் வரை சுமார் 4 கிலோமீட்டர் நடக்கலாம். திரும்பப் பேருந்து உண்டு. கடல் மறுபடி ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

மடாலயக் குன்றுக்குக் கீழே, கிழக்குப் பக்கப் பாறைத் தரையில் நடக்கும் ஆசை வேண்டவே வேண்டாம். ஏறும் கடல் வழியை அடைத்துவிடும், மேலே செங்குத்துப் பாறை, அதுவும் சரிந்து விழும். தொல்லுயிர் எச்சங்கள் பார்க்க வேண்டுமென்றால் பேனட் பூங்காவில் உள்ள விட்பி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். புயல் வருவதை ரத்தம் உறிஞ்சும் அட்டைப் பூச்சிகளை வைத்துக் கணிக்க 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் மெரிவெதர் செய்த கருவியின் மாதிரியும் அங்கே இருக்கிறது. 12 புட்டிகளில் அட்டைகள், அவை மேலே ஏறினால் மணி அடிக்கும்.

படி 5: ஜெட் கல் நகை வாங்குவதென்றால்

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரம் இறுகி உண்டான கறுப்புக்கல் இது. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்த பின் விக்டோரியா ராணி அணிந்ததால் துக்க நகையாகப் பரவியது. கையில் எடுத்தால் லேசாக இருக்கும், சில்லென்று இருக்காது. சில்லென்று கனத்தால் அது கண்ணாடி. மெருகிடாத பீங்கானில் தேய்த்தால் அசல் ஜெட் பழுப்புக் கோடு போடும். சோதித்துக் காட்டச் சொல்லி விற்பவரிடமே கேளுங்கள்.

பின்சேர்க்கை: வயதான அம்மாவை அழைத்துப் போக 199 படிகளுக்கு மாற்று உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்டு. குன்றின் மேல், மடாலயத்துக்குப் பக்கத்திலேயே வாகன நிறுத்தம் இருக்கிறது. பின்பக்கச் சாலை வழியாக டாக்ஸியில் அங்கே போய் இறங்கிவிடலாம். தேவாலயமும் அங்கிருந்து பக்கம்தான், படியேற வேண்டியதில்லை. காற்று பலமாக அடிக்கும், கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.