கவிதையும் ஜாஸும் ஒரே மேடையில்: கடலோர ஊர்களில் ஏற்பாடு செய்வது எப்படி

தனியாகச் சொல்லிக் கைதட்டு வாங்கிய கவிதையை அப்படியே ஜாஸ் குழுவுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால் இரண்டும் கெடும். கவிஞர் மூச்சு விடாமல் சொல்வார், சாக்ஸபோன்காரர் விடாமல் ஊதுவார், கேட்பவர் காதில் எதுவும் நிற்காது. அதனால் குழு தேடுவதற்கு முன்பே கவிதையை வெட்டுங்கள். நாற்பது வரி இருந்தால் இருபத்துநாலு போதும்.

ஏன் இருபத்துநாலு? ஜாஸில் எளிதாகக் கையில் பிடிபடும் வடிவம் 12 பார் புளூஸ். பார் என்பது தாளத்தின் ஒரு அலகு, ஒரு பாருக்கு நான்கு அடி (தாளத் தட்டு). டி மைனரில் எடுத்தால் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) இப்படி: முதல் நான்கு பார் டி மைனர், அடுத்த இரண்டு ஜி மைனர், மறுபடி இரண்டு டி மைனர், ஒன்பதாவது பி ஃபிளாட் செவன், பத்தாவது ஏ செவன், கடைசி இரண்டும் டி மைனர். நிமிடத்துக்கு 72 அடி வேகத்தில் இந்தச் சுற்று சரியாக 40 விநாடி. கவிஞர் 1, 2 பாரில் இரண்டு வரி சொல்ல வேண்டும். 3, 4 பாரை இசைக்கு விட வேண்டும். அதேபோல 5, 6 பேச்சு, 7, 8 இசை. 9, 10 பேச்சு, 11, 12 இசை. சுற்றுக்கு ஆறு வரி, நாலு சுற்றுக்கு இருபத்துநாலு. முன்னால் வெறும் இசை ஒரு சுற்று, மூன்றாவது சுற்று முடிந்ததும் சாக்ஸபோனுக்குத் தனியாக ஒரு சுற்று. மொத்தம் ஆறு சுற்று, நாலு நிமிடம். ஒரு கவிதைக்கு அதற்கு மேல் வேண்டாம்.

நம் கரைக்கு இது புதிதல்ல. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ போடுவதும் இதே கணக்குதான்: ஒரு குரல், ஒரு பதில். குழுவில் ஜாஸ் வாசித்தே பழகாதவர் இருந்தால் அம்பாவைச் சொல்லி விளக்குங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்.

யாப்பு தெரிந்தவர்களுக்கு வேலை பாதி குறையும். நாற்சீர் வரி ஒரு பாருக்குள், சீருக்கு ஒரு தட்டாக, கச்சிதமாக உட்காரும். குறள் வெண்பா நான்கும் மூன்றுமாக ஏழு சீர். இரண்டு பாருக்கு எட்டு அடி. மிச்சமாகும் அந்த ஓர் அடியைத் தொடாதீர்கள், பாஸ் கிட்டார் அங்கே விழட்டும். ஆனால் சீருக்கு ஓர் அடி என்று குத்திக் குத்திச் சொன்னால் பள்ளிக்கூட ஒப்புவித்தல் மாதிரி ஆகிவிடும். இந்த வரியைப் பாருங்கள் (கச்சான் என்பது தென்மேற்குக் காற்று):

கச்சான் அடிச்சா கரையில படகு

‘கச்சான்’ முதல் அடியிலேயே விழுந்தால் தட்டை. முதல் அடியைப் போகவிட்டு இரண்டாவதில் தொடங்குங்கள். ‘கச்சான்’ இரண்டு, ‘அடிச்சா’ மூன்று, ‘கரையில’ நான்கு, ‘படகு’ அடுத்த பாரின் முதல் அடி. அந்த இடத்தில்தான் பாஸும் அழுத்தி விழும். படகு தரைதட்டியது போல இருக்கும். எல்லா வரியையும் இப்படிச் செய்யக் கூடாது, ஆறில் இரண்டு போதும். மீதியைத் தாளத்தைக் கண்டுகொள்ளாமல் இயல்பான பேச்சாகவே சொல்லுங்கள். பதற்றத்தில் கவிஞர் வேகம் கூட்டுவதும், டிரம்ஸ்காரர் அவரைத் துரத்துவதும்தான் மேடையில் அதிகம் நடக்கும் விபத்து. நான்காவது சுற்றில் 72 என்பது 90 ஆகியிருக்கும். டிரம்ஸ்காரர் பாஸைத்தான் கேட்க வேண்டும், கவிஞரை அல்ல என்று முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: கவிஞர் பாடக் கூடாது. கொஞ்சம் இழுத்தாலே சுருதி கேட்கும், உடனே அது தோற்றுப்போன மெல்லிசை ஆகிவிடும்.

ஆட்கள் நான்கு பேர் போதும். சாக்ஸபோன், கீபோர்டு, பாஸ் கிட்டார், டிரம்ஸ். கல்யாண பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசிப்பவரும், தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டும் கிட்டாரும் வாசிப்பவர்களும் கடலோரம் முழுக்க இருக்கிறார்கள். பெரிய டபுள் பாஸ் தேடி அலையாதீர்கள். பாஸ் கிட்டாரின் பிரிட்ஜ் ஓரத்தில் கம்பிகளுக்கு அடியில் ஒரு விரல் தடிமன் ஸ்பாஞ்சைச் செருகி, கழுத்துப் பக்கமாக மீட்டினால் அந்த மொத்தமான ‘தும்’ கிடைத்துவிடும்.

கல்யாண சாக்ஸபோன்காரரிடம் ‘டி டோரியன்’ என்று ஜாஸ் ஸ்கேலின் பெயரைச் சொன்னால் விழிப்பார். ‘இரண்டு கட்டை கரகரப்பிரியா’ என்று சொல்லுங்கள், ஸ்வரங்கள் அவையேதான். ஒரே கார்டில் நிற்கும் பாட்டுக்கு இது பொருந்தும். புளூஸுக்குச் சுத்த தன்யாசியோடு பிரதி மத்யமத்தைத் தொட்டுப்போகச் சொன்னால் ஏறக்குறைய புளூஸ் ஸ்கேல் வந்துவிடும். காந்தாரத்திலும் நிஷாதத்திலும் கமகம் மட்டும் வேண்டாம். கீபோர்டு அதே ஸ்வரத்தை அசையாமல் பிடித்திருக்கும், உரசும். தாள் பார்த்து வாசிப்பவரானால் கணக்கு வேறு: கீபோர்டு டி மைனரில் இருக்கும்போது ஆல்டோ சாக்ஸபோனுக்கு பி மைனரிலும் டெனர் சாக்ஸபோனுக்கு ஈ மைனரிலும் எழுதிக்கொடுக்க வேண்டும். இதை மறந்தால் ஒத்திகையின் முதல் அரைமணி நேரம் சண்டையில் போகும்.

ஸ்விங் என்ற ஜாஸ் நடையை வாயால் சொல்லிக்கொடுக்கலாம். ஓர் அடியை ‘தகிட’ என்று மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டையும் சேர்த்து இழுத்து மூன்றாவதைத் தட்டினால் அந்த நொண்டல் நடை வரும். டிரம்ஸுக்கு பிரஷ் வேண்டும். கிடைக்காவிட்டால் பதினைந்து இருபது ஈர்க்குச்சிகளை இன்சுலேஷன் டேப்பால் கட்டிக்கொள்ளலாம். தட்டுவதற்கு அருமை, தேய்ப்பதற்கு ஆகாது. பிரஷ் தேய்க்க ஸ்நேர் டிரம்மின் மேல்தோல் சொரசொரப்பான வெள்ளைப் பூச்சுள்ளதாக இருக்க வேண்டும். வழவழ தோலில் சத்தமே எழாது. கீபோர்டுக்காரர் இடது கையை மடியில் வைத்துக்கொள்வது நல்லது. கீழ் ஸ்தாயி பாஸுக்கும் ஆண்குரலுக்கும் உரிய இடம்.

இனி இடமும் காற்றும். பாம்பன், மண்டபம் பக்கம் தென்கடல் (மன்னார் வளைகுடா) கரையில் நடத்துவதானால் கச்சான் வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை திறந்தவெளியை மறந்துவிடுங்கள். தொண்டி, தேவிபட்டினம் போன்ற வடகடல் (பாக் விரிகுடா) ஊர்களில் வாடைக் காற்றுக் காலம் அப்படி. மார்ச், ஏப்ரல் தோது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுக்காரர்கள் ஊரிலேயே இருப்பதால் கூட்டமும் வரும், மே மாதப் புழுக்கத்தைத் தாங்கினால்.

வலை பின்னும் கூடம் நல்ல இடம். பக்கச் சுவர் இல்லாததால் எதிரொலி இல்லை. காற்று வரும் பக்கம் மட்டும் தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள். புயல் பாதுகாப்பு மையமும் டைல்ஸ் போட்ட மகாலும் நேர் எதிர். ஒரு சொல் முடிவதற்குள் முந்தைய சொல் திரும்பி வரும். பின்சுவரில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, தரையில் பாய் விரித்து ஆட்களை உட்காரவையுங்கள். நாற்காலிகளைவிட மனித உடல் நன்றாக ஒலியை உறிஞ்சும்.

கவிஞருக்கு டைனமிக் மைக், வாயிலிருந்து நாலு விரல் தூரம், மேலே ஸ்பாஞ்சு உறை. மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் காற்றின் ‘புர்’ சத்தம் பெருமளவு அடங்கும். மைக் கூவல் (ஃபீட்பேக்) எழுந்தால் பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அங்கே கொஞ்சம் குறையுங்கள், நிறையக் குறைத்தால் ச, ட, ற எல்லாம் மழுங்கும். சின்ன இடத்தில் சாக்ஸபோனுக்கு மைக்கே வேண்டாம். அவர் கவிஞரை விட்டுத் தள்ளி நிற்கட்டும், பக்கத்தில் நின்றால் அவர் ஊதுவது முழுக்கக் கவிஞர் மைக்கில் ஏறும்.

கவிதையை ஃபோனில் பார்த்துப் படிக்காதீர்கள், சரியாகப் பதினோராவது பாரில் திரை அணையும். தாள் பறக்கும். கிளிப் வைத்த பரீட்சை அட்டையில், கீழ் முனையிலும் ஒரு துணிக்கிளிப் போட்டு, பெரிய எழுத்தில் எழுதி, இசைக்கு விட்ட இடங்களில் சிவப்புக் கோடு போட்டு வையுங்கள்.

ஒலிபெருக்கிக்குக் காவல்துறையிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கியாக வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் இஷா தொழுகை முடிந்து எட்டரைக்குத் தொடங்கினால் ஒன்றேகால் மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். ஜமாஅத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

ஒத்திகை இரண்டு வேண்டும். முதலாவது உட்கார்ந்து, மைக் இல்லாமல். இரண்டாவது அதே இடத்தில், நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில்; நாலு மணிக் காற்றும் ஒன்பது மணிக் காற்றும் ஒன்றல்ல. மூன்று சைகைகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை கீழே என்றால் சத்தத்தைக் குறை, ஒரு விரல் என்றால் இன்னொரு சுற்று, மூடிய கை என்றால் இந்தச் சுற்றோடு முடி. மூடிய கையை ஒன்பதாவது பாருக்கு முன்பே காட்டிவிட வேண்டும். பன்னிரண்டில் காட்டினால் பாஸ் நிற்கும், சாக்ஸபோன் அடுத்த சுற்றுக்குள் போயிருக்கும்.

முடிந்த கையோடு சாக்ஸபோன் சாவிகளையும் டிரம்ஸ் ஸ்டாண்டுகளையும் ஜாக் முனைகளையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். இந்த உப்புக்காற்றில் ஒரு ராத்திரி அப்படியே கிடந்தால் ஜாக் முனையில் பச்சை பூத்துவிடும். அடுத்த நிகழ்ச்சியில் ‘கரகர’ என்று எல்லோருக்கும் கேட்கும்.