ஷார்ட் ஃபிலிம் பாத்துட்டு கருத்து சொல்றப்பவும் கேக்குறப்பவும் நம்ம பசங்க பண்ற தப்புகள்

படம் முடிஞ்சு லைட்ட போட்டதும் "சூப்பர் ப்ரோ, மேக்கிங் வேற லெவல்"னு முதுகுல தட்டிட்டு டீ குடிக்க கெளம்புறாங்க பாருங்க, அதுதான் மொத தப்பு. பாசத்துல சொல்றதுதான், எனக்கும் தெரியும். பையன் வேலைக்கு போயி சேத்து வச்ச காச போட்டு எடுத்திருக்கான், அவன் மூஞ்சிய பாத்துட்டு எப்பிடி குறை சொல்றதுன்னு ஒரு கூச்சம். ஆனா அந்த ஒரு வார்த்தையால அவனுக்கு ஒரு பிரயோஜனமும் கெடையாது. எந்த எடம் வேற லெவல், எந்த எடத்துல நீங்க போன எடுத்து பாத்தீங்க, எதுவுமே அவனுக்கு தெரியாது. "மொக்கையா இருக்குடா"ன்னு சொல்றவங்களும் இதே தப்பத்தான் பண்றாங்க, அதுலயும் எடம் இல்ல, காரணம் இல்ல, கூடுதலா மனசு வேற ஒடஞ்சு போகுது.

அப்ப என்னதான் சொல்லணும்னா, படம் ஓடும்போது உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. எந்த எடத்துல சிரிச்சீங்க, எங்க குழம்புனீங்க, எங்க சலிப்பு தட்டுச்சு, யார் மேல கோவம் வந்துச்சு. முடிஞ்சா நிமிசம் செகண்டோட குறிச்சு வச்சு சொல்லுங்க.

ஒரு படம்னு வச்சுக்கங்க. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஏவாரம் பண்ற ஒரு அப்பா, சென்னைக்கு படிக்க போகணும்னு நிக்குற பையன், பதினோரு நிமிசம். பாத்த ஒருத்தர் "செகண்ட் ஆஃப் லேக்குப்பா"ங்கிறார். டைரக்டர் வீட்டுக்கு போயி செகண்ட் ஆஃப்ல ஒன்றரை நிமிசத்த வெட்டுறான், திரும்ப போட்டு காட்டுனா அப்பவும் லேக்தான். இன்னொருத்தர் வேற மாதிரி சொல்றார்: "3:40ல அப்பா கல்லாவுல இருந்து காச எடுத்து எண்ணி பாத்துட்டு திரும்ப உள்ள வைக்கிறார்ல, அது பையன் ஃபீஸ் கட்டவா இல்ல வட்டிக்காரனுக்கு குடுக்கவான்னு எனக்கு புரியல தம்பி, அதுக்கப்புறம் அதையே யோசிச்சிட்டு இருந்தேன், அம்மா பேசுனது எதுவும் காதுல ஏறல." பாருங்க, பிரச்சனை செகண்ட் ஆஃப்லயே இல்ல. சலிப்பு தெரிஞ்சது ஆறாவது நிமிசத்துல, அதுக்கு காரணம் கெடக்குறது 3:40ல. கல்லாவுக்குள்ள காலேஜ் ஃபீஸ் ரசீது தெரியிற மாதிரி ஒரே ஒரு க்ளோஸப் எடுத்து சேத்தா போதும், வெட்டுன ஒன்றரை நிமிசத்தையும் திரும்ப வச்சுக்கலாம். எடிட்டிங் பண்ணி பழகுனவங்களுக்கு இது நல்லா தெரியும், படத்துல வலி தெரியிற எடம் ஒண்ணா இருக்கும், அடிபட்ட எடம் வேற எங்கயாச்சும் முன்னாடி இருக்கும். பாத்தவர் வலி தெரிஞ்ச எடத்த சரியா சொன்னா போதும், அடிபட்ட எடத்த டைரக்டரும் எடிட்டரும் தேடிக்குவாங்க.

இதுல இருந்துதான் அடுத்த தப்பு வருது. வைத்தியத்தையும் நாமளே சொல்றது. "நானா இருந்தா அப்பாவ கடைசில சாகடிச்சிருப்பேன்", "ஒரு லவ் டிராக் வச்சிருக்கலாமே". அது உங்க படம், அத நீங்க தாராளமா எடுங்க, நெசமாவே எடுங்க, ஆனா இப்ப திரையில ஓடுனது அவன் படம். ஒரு யோசனை சொல்லியே ஆகணும்னு தோணுச்சுன்னா மொதல்ல என்ன குறை பட்டுச்சுன்னு சொல்லிட்டு அப்புறம் யோசனைய சொல்லுங்க. யோசனைய தூக்கி போட்டாலும் குறை அவன் நோட்டுல நிக்கும்.

மதுரைக்காரங்க படத்துக்குன்னு தனியா ஒரு தப்பு இருக்கு. மதுரைனாலே அருவா, மாடு, மீச, ரத்தம்னு எதிர்பாத்து உக்காருறது, அது இல்லாட்டி "மண்வாசனையே இல்லயேப்பா"ங்கிறது. சிம்மக்கல்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்குற ஒரு அக்காவ பத்தி எடுத்த படமும் மதுரைப்படம்தான். அதே நேரம் இங்கிட்டு இருக்குறவங்க மட்டுமே சொல்லக்கூடிய கருத்து ஒண்ணு இருக்கு, அத யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க, பேச்சு. உசிலம்பட்டி பக்கத்து அப்பத்தா "சீக்கிரம் வாடா"ன்னு டிவி சீரியல் மாதிரி பேசுனா நமக்கு காதுல இடிக்கும், "வெரசா வாடா"ன்னுல்ல வரும். "அங்க போயி பாரு"வுக்கும் "அங்கிட்டு போயி பாரு"வுக்கும் உள்ள வித்தியாசம் சென்னைல உக்காந்து பாக்குறவருக்கு தெரியாது, உங்களுக்கு தெரியும், அத சொல்லுங்க. டப்பிங்லயே சரி பண்ணிடலாம், செலவும் கம்மி.

அடுத்தது நேரங்கெட்ட நேரத்துல சொல்றது. ரஃப் கட்ட, அதாவது சீன்கள வரிசையா ஒட்டி வச்ச மொத வடிவத்த, போட்டு காட்டுனா "கலர் டல்லா இருக்கு, பிஜிஎம் ஒட்டல"ன்னு ஆரம்பிக்கிறது. தம்பி இன்னும் கலரே பண்ணல, அந்த மியூசிக் சும்மா தற்காலிகமா போட்டு வச்சது. அப்புறம் பிக்சர் லாக் பண்ணி, அதாவது இனிமே எதையும் வெட்டி ஒட்டுறதில்லன்னு முடிவு பண்ணி, டப்பிங் முடிச்சு, மியூசிக் போட்டு எல்லாம் ஆனப்புறம் வந்து "எனக்கு கதையே ஏத்துக்க முடியல"ங்கிறது. அத ஸ்கிரிப்ட்லயே சொல்லியிருக்கலாம். ஸ்கிரிப்ட் கைல இருக்குறப்ப கதையவும் கேரக்டரையும் பத்தி பேசுங்க. ரஃப் கட்ல புரியுதா, நீளமா, எந்த சீன் வேணாம்னு பேசுங்க. லாக் ஆனப்புறம் சவுண்ட், கலர், சப்டைட்டில் எழுத்துப்பிழை, அவ்வளவுதான். படம் எந்த நெலமைல இருக்குன்னு கேக்காம வாய தொறக்காதீங்க, காட்டுறவங்களும் அத மொதல்லயே சொல்லிடுங்க.

ஆனா காட்டுறவங்க அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, அங்கதான் நெறைய பேர் சறுக்குறாங்க. லேப்டாப்ப தொறந்து ப்ளேய அமுக்குறதுக்கு முன்னாடியே "அண்ணே, இவன் உண்மையில அவரோட சொந்த பையன் கெடையாதுண்ணே, அத மனசுல வச்சுக்கிட்டு பாருங்கண்ணே"ன்னு கதைய கொட்டிட்டா, அந்த அண்ணன் இனிமே உங்களுக்கு பார்வையாளரே இல்ல. படம் அத சொல்லுதா இல்லையாங்கிறதத்தான நீங்க தெரிஞ்சுக்கணும், அந்த வாய்ப்பு போச்சு. இதே காரணத்துக்காக கைல இருக்குற எல்லாருக்கும் மொத ரஃப் கட்டையே காட்டி முடிச்சிடாதீங்க. பாதிப் பேர அடுத்த கட்டுக்குன்னு ஒதுக்கி வைங்க, ஏன்னா ரெண்டாவது தடவ பாக்குறவருக்கு குழப்பமே வராது, அவருக்குத்தான் முடிவு தெரியுமே.

வாட்சாப்ல படத்த வீடியோவா அனுப்புறதும் தப்புதான். அது ஃபைல நசுக்கிடும், இருட்டு சீன்லாம் கட்டம் கட்டமா தெரியும், அவரும் பெரியார் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு போன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு சவுண்ட் சரியில்லங்கிறார். டிரைவ் லிங்க் குடுங்க, யார் வேணா தொறக்குற மாதிரி பெர்மிஷன் இருக்கான்னு வேற போன்ல தொறந்து பாத்துட்டு குடுங்க. யூடியூப்ல அன்லிஸ்டடா, லிங்க் வச்சிருக்குறவங்க மட்டும் பாக்குற மாதிரி போட்டா ஏத்துன ஒடனே அனுப்பாதீங்க, ஹெச்டி வர கொஞ்ச நேரம் ஆகும். ஹெட்செட் போட்டு பாருங்கன்னு ஒரு வரி சேத்துக்கங்க. அதுக்காக போன் ஸ்பீக்கர்ல பாக்குறதே தப்புன்னு சொல்லல, கடைசில முக்காவாசிப்பேர் அப்பிடித்தான் பாக்கப்போறாங்க, அதனால வசனம், மியூசிக், சத்தம் எல்லாத்தையும் அளவா சேக்குற மிக்ஸ் முடிஞ்சப்புறம் அப்பிடியும் ஒரு தடவ ஓட்டி வசனம் புரியுதான்னு கேட்டுக்கணும்.

டெக்னிக்கலா சொல்றப்ப "சவுண்ட் சரியில்ல"ன்னு மொட்டையா சொன்னா அதுக்கு நாலு அர்த்தம் வரும். வசனம் மெதுவா கேக்குதா, பின்னாடி ஃபேன் ஓடுற சத்தமா, வாயும் வார்த்தையும் ஒட்டலயா, இல்ல ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் பின்னணி சத்தம் மாறுதா. கடைசியா சொன்னது நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணம், ஆடி மாசம் ஷூட் பண்ணா ஒரு ஷாட்ல கோயில் குழாய் ஸ்பீக்கர்ல பாட்டு ஓடும், அடுத்த ஷாட்ல இருக்காது. அது எதுன்னு பிரிச்சு சொன்னாத்தான் எங்க கைய வைக்கிறதுன்னு அவனுக்கு தெரியும். மெதுவா கேக்குறது மிக்ஸ்ல சரியாகிடும், குழாய் சத்தத்துக்கு டப்பிங்தான் வழி. டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்த சீன்ல பட்ட பட்டயா கோடு ஓடுச்சுன்னா "ஏதோ மினுக்குது"ன்னு சொல்றதே போதும், காரணம் தெரிஞ்சவங்க அதையும் சேத்து சொல்லலாம். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், போன் தானா ஷட்டர, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் வாங்குற நேரத்த, ஒரு செகண்டுல 60ல ஒரு பங்குன்னு வச்சா வெளிச்சத்தோட ஒத்துப்போகாது, மேனுவல்ல 50க்கு ஒண்ணு இல்லாட்டி 100க்கு ஒண்ணுன்னு வச்சா கோடு போயிடும். எடுத்த சீன காப்பாத்த முடியாட்டியும் அடுத்த படத்துக்கு ஆகும்.

நடிச்சவங்க கூட உக்காந்திருக்குறப்ப வார்த்தைய பாத்து பேசணும். நம்ம படங்கள்ல நடிக்கிறது யாரு, பக்கத்து வீட்டு அக்கா, டைரக்டரோட சித்தப்பா, காலேஜ் ஜூனியர், எல்லாரும் ஒரு பைசா வாங்காம வெயில்ல நின்னவங்க. அவங்க நெறம், ஒடம்பு, பல்லுன்னு பேசுறது கருத்தே கெடையாது, அது மனுசன புண்படுத்துறது, அங்கயே நிறுத்தணும். நடிப்புல குறை இருந்தாலும் டைரக்டர்கிட்ட தனியா சொல்லுங்க. பாதி நேரம் அது நடிச்சவர் குறையே இல்ல, அந்த சீன்ல அவருக்கு என்ன வேணும்னு யாரும் சொல்லி குடுத்திருக்க மாட்டாங்க.

இனி கேக்குறவங்க பக்கம். இங்க பெரிய தப்பு ஒண்ணே ஒண்ணுதான், பதில் சொல்றது. ஒருத்தர் "அந்த கிளைமாக்ஸ் எனக்கு புரியல"ன்னு ஆரம்பிச்சதும் "இல்லண்ணே, அன்னைக்கு மழ வந்துருச்சுண்ணே, லைட்டும் போயிருச்சு, இல்லாட்டி அந்த ஷாட் எடுத்திருப்போம்"னு நீங்க ஆரம்பிச்சா அவர் பாவம் பாத்து நிறுத்திக்குவார். அடுத்து பேச இருந்தவரும் பேச மாட்டார். படம் பாக்குற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போயி மழ வந்த கதைய சொல்ல முடியுமா? வாய மூடிக்கிட்டு நோட்டுல எழுதுங்க, எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு போன்ல ரெக்கார்டு போட்டு வைங்க, ஏன்னா அந்த நேரத்துல நெஞ்சு படபடன்னு அடிக்கும், பாதி காதுல விழாது, மறுநாள் கேட்டா அதே வார்த்தை வேற மாதிரி இருக்கும். எல்லாரும் பேசி முடிச்சப்புறம் நீங்க கேள்வி கேளுங்க. "புடிச்சிருந்துச்சா"ன்னு கேக்காதீங்க, ஆமான்னுதான் சொல்வாங்க. "அப்பா எதுக்கு காச எண்ணுனார்னு நெனச்சீங்க", "பையன் கடைசில போறானா இருக்கானா" இப்பிடி கேளுங்க, அவங்க சொல்ற பதில்லயே படம் எவ்வளவு போயி சேந்துருக்குன்னு தெரிஞ்சிடும்.

லிஸ் லெர்மன்னு ஒரு அமெரிக்க நடன இயக்குனர் 1990ல இதுக்குன்னே ஒரு முறை உருவாக்குனாங்க, டான்சுக்கு ஆரம்பிச்சது, இப்ப நாடகம் எழுத்துன்னு பல எடத்துல பயன்படுத்துறாங்க. நாலு படி. மொதல்ல பாத்தவங்க மனசுல எது நின்னுச்சுன்னு சொல்லணும், ரெண்டாவது படைச்சவர் கேள்வி கேக்கணும், மூணாவது பாத்தவங்க கேள்வி கேக்கணும், ஆனா அந்த கேள்விக்குள்ள தீர்ப்பு ஒளிஞ்சிருக்க கூடாது. "ஏன் இவ்ளோ நீளமா வச்சீங்க"ன்னா அது தீர்ப்பு, "அந்த நீள ஷாட்ல எங்களுக்கு என்ன தோணணும்னு நெனச்சீங்க"ன்னா அது கேள்வி. நாலாவதுதான் அபிப்ராயம், அதுவும் அனுமதி கேட்டுட்டு: "எடிட்டிங் பத்தி ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா?" படைச்சவர் வேணாம்னும் சொல்லலாம். நம்மகிட்ட பெரியவங்கள பாத்து "வேணாம்ணே"ன்னு சொல்றது கஷ்டம், அதனாலதான் அந்த முறைல இருக்குற மாதிரியே படத்துக்கு சம்பந்தமில்லாத ஒருத்தர நடுவுல உக்கார வச்சு நடத்த சொல்றது நல்லது.

பெரியவங்கன்னதும் இதையும் சொல்லணும். சென்னைல அசிஸ்டென்ட் டைரக்டரா இருந்துட்டு வந்த ஒரு அண்ணன் கூட்டத்துல இருந்தார்னா அவர்தான் மொதல்ல பேசுவார், அவர் சொன்னதும் மத்த எல்லாருக்கும் அதுவே கருத்தாயிடும், வேற மாதிரி நெனச்ச பொண்ணு பின் வரிசைல பேசாம உக்காந்திருக்கும். படம் முடிஞ்சதும் பேச்சு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு துண்டு பேப்பர குடுத்து ரெண்டு ரெண்டு வரி எழுதி வாங்கிடுங்க. அப்புறம் வயசுல சின்னவங்கள மொதல்ல பேச விடுங்க, அண்ணன் கடைசில பேசட்டும். கலைஞர் டிவில நாளைய இயக்குனர் வந்த காலத்துல படம் முடிஞ்சதும் ஜட்ஜுங்க மேடைல வச்சே நல்லது கெட்டது சொன்னத பாத்து வளந்தவங்க நம்ம. அது போட்டி, முடிஞ்ச படம், அங்க தீர்ப்பு சொல்லித்தான் ஆகணும். ரஃப் கட்ட வச்சுக்கிட்டு நாலு நண்பர்கள் உக்காந்திருக்குற எடத்துல தீர்ப்புக்கு வேலை இல்ல.

வாங்குன கருத்து எல்லாத்தையும் படத்துல ஏத்துறதும் தப்பு. ஒருத்தர் நீளம்பார், ஒருத்தர் இன்னும் வேணும்பார், ரெண்டு பேரையும் திருப்திப்படுத்த போனா யாருக்கும் இல்லாத படமா நிக்கும். பேப்பர் எல்லாத்தையும் பரப்பி வச்சு பாருங்க, மூணு பேர் ஒரே எடத்துல தட்டுத்தடுமாறியிருந்தா அங்க நிச்சயமா ஏதோ இருக்கு, அவங்க சொன்ன தீர்வு மூணும் வேற வேறயா இருந்தாலும் பரவால்ல. ஒருத்தருக்கு மட்டும் பட்டதுன்னா அது யாருன்னு பாருங்க, படம் யாருக்காக எடுத்தீங்களோ அந்த ஆளா இருந்தா அந்த ஒரு கருத்துக்கு எடை ஜாஸ்தி. பூ ஏவாரி கதைக்கு கேமரா தெரிஞ்ச நண்பன் சொல்றத விட பூக்கட்டுற ஒரு அம்மா "மல்லிய யாரும் இப்பிடி பிடிக்க மாட்டாங்கய்யா"ன்னு சொல்றது முக்கியம்.

எல்லாத்தையும் யூடியூப்ல போட்டப்புறம் கமெண்ட்ல பாத்துக்கலாம்னு நெனக்காதீங்க. அங்க ஒரு தடவ ஏத்திட்டா அதே லிங்க்ல வேற ஃபைல மாத்தி வைக்க முடியாது, கொஞ்சம் ட்ரிம் பண்ணலாம் அவ்வளவுதான், புது கட் வேணும்னா வியூஸ் கமெண்ட் எல்லாத்தையும் விட்டுட்டு புதுசா ஏத்தணும். அதனால ரிலீஸ் தேதிய போஸ்டர்ல போடுறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ போட்டு காட்டவும், திருத்தவும் நாள் ஒதுக்குங்க. திருத்துனப்புறம் கருத்து சொன்னவங்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்க, "அண்ணே நீங்க சொன்ன 3:40 எடத்துல ரசீது ஷாட் சேத்துருக்கேன், அம்மா சீன நீங்க சொன்ன மாதிரி கொறைக்கல, காரணம் இது"ன்னு. அந்த அண்ணன் அடுத்த படத்துக்கு நீங்க கூப்புடாமயே வந்து உக்காருவார்.