கைவிடப்பட்ட வலையைக் கண்டால் தூண்டில்காரர்கள் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் பாசிர் ரிஸ், சாங்கி, புலாவ் உபின், லிம் சூ காங் பக்கம் தூண்டில் போடுபவர்களுக்குக் கொக்கி எதிலாவது மாட்டிக்கொள்வது பழகிய சங்கதி. மாட்டியது பாறையோ வேரோ இல்லை, வலை என்று தெரிந்தவுடன் பலருடைய கை கத்தியைத் தேடுகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் பாதி அறுத்த வலை, அறுக்காத வலையைவிட அதிகக் கேடு செய்யும்.

ஏன் என்று புரிய வலையின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கரைகளில் பெரும்பாலும் கிடப்பது தங்கூசி எனப்படும் மெல்லிய நைலான் இழையால் பின்னிய செவுள் வலை. மேல் விளிம்பில் மிதவைகள் கோத்த கயிறு, கீழ் விளிம்பில் ஈயக்குண்டு கோத்த கயிறு. இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் வலை தண்ணீருக்குள் சுவராக நிற்கிறது. மீன் தலையை நுழைத்து, செவுள் சிக்கி, வெளியேற முடியாமல் சாகிறது. அது அழுகினால் அந்த வாடைக்கு நண்டுகள் வருகின்றன. நண்டும் சிக்குகிறது. நைலான் மக்காது என்பதால் வலைக்குச் சொந்தக்காரர் மறந்துபோன பிறகும் இது ஓயாது.

மிதவைக் கயிற்றை மட்டும் அறுத்தால் வலை கீழே சரிந்து, நீரோட்டத்தில் உருண்டு, பவளத்தையும் கடற்புல்லையும் சுற்றிக்கொள்கிறது. கட்டியிருந்த முனைகளை அறுத்தால் அது மிதந்து படகுகள் போகும் வழிக்குச் செல்கிறது. நடுவில் அறுத்தால் ஒரு வலை இரண்டாகிறது. முழுவதையும் கரைக்கு மேலே கொண்டுவர ஆளும் நேரமும் இல்லையென்றால் ஒரு கயிற்றையும் அறுக்காதீர்கள்.

ஆள் இல்லாததால் கைவிட்டது என்று முடிவு கட்டுவது

நம் கடலில் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு வற்றத்தில் வலையைக் கட்டிவிட்டு அடுத்த வற்றத்தில் வந்து எடுப்பவர்கள் உண்டு. நண்பகலில் அநாதையாகத் தெரியும் வலைக்கு நள்ளிரவில் ஆள் வரலாம். ஜோகூர் நீரிணையில் மீன் பண்ணைகளும் இருக்கின்றன, அவற்றின் கூண்டு வலைகளும் கயிறுகளும் பண்ணைக்காரர்களின் உடைமை.

கண்ணிகள் சுத்தமாக, முடிச்சுகள் புதிதாக, மிதவைகள் ஒரே வரிசையில் இருந்தால் அது பயன்பாட்டில் உள்ள வலை. பாசியும் கொட்டலசும் படிந்து, சேற்றில் பாதி புதைந்து, சுருண்டு, எலும்பும் ஓடும் மட்டும் மிஞ்சியிருந்தால் கைவிடப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் நிறைய. உங்களால் தீர்மானிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, தகவல் கொடுக்க அது தேவையும் இல்லை. சுங்கை பூலோ போன்ற இயற்கைக் காப்பகங்களில் மீன்பிடிக்கவே அனுமதி இல்லை. அங்கே எந்த வலையைப் பார்த்தாலும் தயங்காமல் சொல்லலாம்.

கோலால் இழுப்பது

கோலை வளைத்து வளைத்து உலுக்கினால் கோல் உடையும், அல்லது கொக்கியோடு போலி இரை விடுபட்டு உங்கள் முகத்தை நோக்கிப் பாயும். கோலை நூலுக்கு நேராக நீட்டுங்கள். நூலை ஒரு கட்டையிலோ தடித்த துணியிலோ சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நிதானமாக அறும்வரை இழுங்கள். பின்னல் நூலை வெறுங்கையில் சுற்றினால் விரலை எலும்புவரை வெட்டும். வலை இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் கொக்கிப் பக்கம் கட்டும் துண்டு நூலான லீடரைப் பிரதான நூலைவிட வலு குறைந்ததாகக் கட்டுவது நல்லது. 20 பவுண்டு நூலுக்கு 12 பவுண்டு லீடர் என்றால் அறுவது லீடரில்தான். நீளமான நூல் கடலில் மிஞ்சாது.

தண்ணீருக்குள் இறங்குவது

தவறுகளிலேயே உயிருக்கு ஆபத்தானது இது. தங்கூசி தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. சட்டைப் பொத்தான், செருப்பு வார், கைக்கடிகாரம் என எதில் வேண்டுமானாலும் மாட்டும். கால் சேற்றில் புதைந்து, வலையும் சுற்றி, ஏற்றமும் தொடங்கிவிட்டால் இடுப்பளவு தண்ணீரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருநீர் நாள்களில் வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஏறக்குறைய 3 மீட்டர் மாறுகிறது.

கயாக்கிலோ படகிலோ இருந்தால் நீரோட்டம் உங்களை வலையிலிருந்து விலக்கும் பக்கத்தில் நில்லுங்கள். எதிர்ப்பக்கத்தில் இயந்திரம் நின்றுபோனால் நேரே வலைக்குள் போவீர்கள். சுழலியில் வலை சுற்றிவிட்டால் உடனே இயந்திரத்தை அணைத்து, நங்கூரம் போட்டு, பிறகு சுழலியைத் தூக்கிப் பாருங்கள். நங்கூரம் போடாமல் சிக்கெடுக்கத் தொடங்கினால் கப்பல் வழிக்குள் மிதந்துபோகும் ஆபத்து உண்டு.

சிக்கிய உயிரைப் பிடித்து இழுப்பது

மண்டாய், கிராஞ்சி சேற்றுநிலங்களில் அதிகம் சிக்குபவை லாட நண்டுகள். அவற்றை வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. வால் முறிந்தால், கவிழும்போது நிமிர முடியாமல் சாகும். ஓட்டின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, முனை மழுங்கிய சிறு கத்தரியால் காலைச் சுற்றிய இழைகளை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். வலையை உருவினால் கால்தான் கழன்று வரும்.

செம்பிலாங் கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக 3 முட்கள். செத்த மீனின் முள்ளும் விஷமுள்ளது. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம்வரை அந்த இடத்தை வைத்திருங்கள். சூட்டைக் குத்துபடாத கையால் முதலில் சோதியுங்கள். திருக்கை முள் குத்தினாலும் இதுவே முதலுதவி. மூச்சுத் திணறினாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ 995 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

ஆமை சிக்கியிருந்து, உங்கள் கைக்குப் பாதுகாப்பாக எட்டினால், அதன் தலையை நீர்மட்டத்துக்கு மேல் தாங்குங்கள். சதைக்குள் இறங்கிய கயிற்றை இழுக்காதீர்கள். துவண்டு கிடக்கும் ஆமையைக் கடலுக்குள் தள்ளிவிட்டால் மூழ்கிப்போகும். நிழலில் வைத்து, ஈரத்துணி போர்த்தி, மூக்கை மூடாமல், தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600ஐ அழையுங்கள்.

வலையில் கிடக்கும் மீனை வீட்டுக்குக் கொண்டுபோவதும் நடக்கிறது. அது எப்போது செத்தது என்று உங்களுக்குத் தெரியாது. நம் வெயிலில் சில வகை மீன்களில் சில மணி நேரத்திலேயே ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேர்ந்துவிடும், சமைத்தாலும் அது போகாது.

வலைக்காரரோடு மோதுவது

இருட்டில், விளக்கில்லாத படகில் வலை இறக்குபவர்களைக் கண்டால் கூப்பிடவும் வேண்டாம், விளக்கடிக்கவும் வேண்டாம். படகின் பதிவு எண், நிறம், ஆள் எண்ணிக்கை, போன திசை, நேரம் ஆகியவற்றை மனத்தில் வாங்கிக்கொண்டு தள்ளிப்போய்க் காவல்துறையை அழையுங்கள்.

பாதித் தகவல் கொடுப்பது

“பாசிர் ரிஸ் பக்கம் ஒரு வலை” என்றால் தேடிப்போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். ஏற்றத்தில் அந்த இடம் முழுதும் நீருக்கடியில் இருக்கும். கைப்பேசி வரைபடத்தில் விரலை அழுத்தி ஆயத்தொலை எண்களை எடுங்கள். பார்த்த நேரம், அப்போது ஏற்றமா வற்றமா, வலையின் உத்தேச நீளம், உயிருள்ளவை சிக்கியுள்ளனவா என்று சேர்த்துச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து ஒரு படம், கண்ணியின் அளவு தெரிய விரலையோ கோலையோ பக்கத்தில் வைத்து ஒரு படம் போதும். பூங்கா, சதுப்புநிலம் என்றால் தேசியப் பூங்காக் கழகம். படகுப் போக்குவரத்தை மறித்தால் கடல்துறை, துறைமுக ஆணையம். எங்கே சொல்வது என்று குழப்பமாக இருந்தால் ஒன்சர்விஸ் செயலியில் போடுங்கள், உரிய அமைப்புக்கு அனுப்புவார்கள். சமூக ஊடகத்தில் இடத்தைப் பகிர்வதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். முந்திக்கொண்டால் வலைக்காரரும் அதைப் பார்ப்பார்.

அகற்றும் வேலை தொண்டூழியக் குழுக்களுக்குப் பழக்கம். நீர்மட்டம் மிகவும் இறங்கும் வற்றங்களில்தான் அவர்கள் போகிறார்கள். ஆண்டின் நடுப்பகுதியில் அப்படிப்பட்ட வற்றம் பெரும்பாலும் விடியுமுன் வரும். நீங்களும் சேர்ந்தால் நுரைக்காலணி போதாது, கணுக்காலை மூடும் காலணியும் ரப்பர் பூசிய கையுறையும் வேண்டும். முதலில் உயிர்களை விடுவித்து, பிறகு மிதவைக் கயிற்றையும் ஈயக் கயிற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சுருட்டிக்கொண்டே போவார்கள்.

சுருட்டியதை மணலில் விட்டுவராதீர்கள். அடுத்த பெருநீர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகும். திறந்த குப்பைத்தொட்டியில் தொங்கவிட்டால் காகமும் உடும்பும் சிக்கும். சாக்கில் போட்டு, வாயை இறுகக் கட்டி, ஏற்றக்கோட்டுக்கு மேலே கொண்டுவந்து, எடுத்துப்போக வருபவர்களிடம் இடத்தைக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.