விரிசலுக்குக் கீழே டீசல் மண்

கிருஷ்ணகிரியில் பெங்களூர் ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஆறு கடை கொண்ட காம்ப்ளெக்ஸ். முன்பு அங்கே லாரி பட்டறை இருந்தது. பின்பக்கச் சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடியதும் ஓரமாகக் குழி வெட்டிப் பார்த்தோம். நாலடியில் கறுத்த மண், மூக்கைத் துளைக்கும் டீசல் வாடை. பட்டறையின் கழிவு எண்ணெய்க் குழியைச் சும்மா மண் போட்டு மூடியிருக்கிறார்கள். அதன் மேல்தான் எங்கள் அஸ்திவாரம்!

மொத்தமாகத் தோண்டிவிடலாம் என்றார் மேஸ்திரி. நல்லவேளை, இன்ஜினியர் தடுத்தார். சுவர் ஒரேயடியாக உட்கார்ந்துவிடுமாம். ஸ்லாபுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து, அஸ்திவாரத்துக்கு அடியில் மூன்றடி மூன்றடியாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டினோம். எண்ணெய் மண்ணை அள்ளி, கெட்டித் தரை தட்டியதும் கான்கிரீட் போட்டோம். அதற்கும் பழைய அஸ்திவாரத்துக்கும் நடுவே இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு, கான்கிரீட் இறுகிய பிறகு அதில் சுருங்காத கிரவுட்டை (இடைவெளியை அடைக்கும் சிமெண்ட் கலவை) திணித்தோம். அப்புறம்தான் பக்கத்துத் துண்டில் கை வைத்தோம்.

மண்தான் பெரிய தலைவலி. "ஏரிக்கரையில கொட்டிடலாம் சார்" என்றார் டிப்பர்காரர். கழிவு எண்ணெய் 2016-ன் அபாயகரமான கழிவு மேலாண்மை விதிகளின்படி அபாயகரமான கழிவு. தார்ப்பாயில் குவித்து, மழை படாமல் மூடி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்டு, அனுமதி பெற்ற வண்டியில் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்பினோம். கான்கிரீட்டைவிட இதற்குத்தான் செலவு அதிகம். சுவர் அசைந்தால் உடையட்டும் என்று விரிசலின் குறுக்கே ஒட்டிய கண்ணாடித் துண்டு இரண்டு மழைக்காலம் தாண்டியும் உடையவில்லை.